கிடை ஊரில் இல்லாத வைகாசி

எங்கள் ஊருக்கும் ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊருக்கும் நடுவில் ஒரு வண்டிப்பாதைதான் உண்டு. முன்பு ஊருக்கு ஒரு தொடக்கப்பள்ளி இருந்தது. இப்போது எங்கள் ஊரில் மட்டும் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக்கலாமா என்று கல்வி அலுவலகத்தில் யோசித்தபோது, ஆக்கலாம் என்று கருத்துச் சொன்னவன் நான். ஒன்றாக்கியது தவறா என்று கேட்டால் இன்றும் என்னிடம் தெளிவான பதில் இல்லை. ஒன்றாக்கிய விதம் தவறு. அதில் என் பங்கு பெரியது. அதைத்தான் எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியன். முதல் வேலை ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியில். கடைசியாக வேலை பார்த்து முடித்தது எங்கள் ஊர்ப் பள்ளியில். வகுப்பறைக்குக் கூரை ஓடு மாற்றியது, சுற்றுச்சுவர் கட்டியது எல்லாம் என் காலத்தில் நடந்தவை. அந்தப் பள்ளியை என் பள்ளி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஓய்வுபெற்ற பிறகும் அந்த நினைப்புப் போகவில்லை.

அந்தப் பக்கத்து ஊரில் பாதி வீடுகள் செம்மறியாடு வளர்ப்பவர்களுடையவை. மீதி வீடுகளில் பெண்கள் தீப்பெட்டி ஆபீஸுக்கு, அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு, வேலைக்குப் போகிறார்கள். விடியுமுன் பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். பொழுது சாய்ந்து கொண்டுவந்து இறக்கும். எங்கள் ஊரில் விவசாயிகள் உண்டு, கடைக்காரர்கள் உண்டு, அரசாங்கச் சம்பளம் வாங்கும் என்னைப் போன்ற சிலரும் உண்டு. காசு புழங்கும் ஊர் எங்களுடையது. அதனால் வேன் முதலில் எங்கள் ஊருக்குத்தான் வந்தது. ஆங்கிலவழிப் பள்ளி வேன். ஒன்று வந்தது, பிறகு இன்னொன்று. என் பேரனும் பேத்தியும் அதில்தான் போகிறார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பிள்ளைகள் வேனில் ஏற ஏற, எங்கள் ஊர்ப் பள்ளியில் பெஞ்சுகள் காலியாயின. இரண்டு ஆசிரியர்களில் ஒருவரை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள் என்ற பேச்சு வந்தது. ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியில் ஏற்கெனவே ஒரே ஆசிரியைதான். கழுகுமலையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகும் இளம்பெண். ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு, மதிய உணவுக் கணக்கையும் பார்த்துக்கொண்டு, கோவில்பட்டியில் பயிற்சி என்றால் பள்ளியைப் பூட்டிவிட்டு ஓடிக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் வட்டாரக் கல்வி அலுவலர் என் வீட்டுக்கு வந்தார். மதுரைப் பக்கத்துப் பெண். நேர்மையானவர், எதையும் அவசரப்பட்டுச் செய்கிறவர் அல்ல.

"சார், ரெண்டு பள்ளியிலயும் வேலை பார்த்தவர் நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. ரெண்டு ஊர்க்காரங்களும் உங்க பேச்சைக் கேப்பாங்கன்னு சொன்னாங்க. சேர்க்கலாமா வேண்டாமா? மனசுல உள்ளதைச் சொல்லுங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கவும் செய்தேன். ஒரே அறையில் ஐந்து வகுப்புப் பிள்ளைகளும் உட்கார்ந்தால் ஒருவருக்கும் பாடம் முழுதாகக் கிடைக்காது. நானே அப்படி நடத்தியவன். ஒன்றாம் வகுப்புக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும்போது ஐந்தாம் வகுப்பு ஜன்னல் வழியே ஆட்டை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டு பள்ளியும் சேர்ந்தால் இரண்டு ஆசிரியர்கள் நிலைப்பார்கள், மூன்றாவதாக ஒருவர்கூட வரலாம். நூலகத்துக்கு ஓர் அறை ஒதுக்கலாம். இதெல்லாம் உண்மை. இன்று யாரும் வந்து கேட்டாலும் இவற்றை மறுக்க மாட்டேன்.

ஆனால் இவற்றுக்குப் பின்னால் இன்னொரு காரணமும் இருந்தது. எங்கள் ஊர்க் கடைக்காரர் ஒருவர், தீப்பெட்டிக் குச்சி ஏஜென்சியும் வைத்திருப்பவர், அதை ஒளிக்காமல் சொன்னார். "சார், நம்ம பள்ளிக்கூடத்துல ஒரு வாத்தியார் போச்சுன்னா அடுத்த வருசம் பூட்டுத்தான். அந்த ஊர்ப் பிள்ளைக வந்தா நம்மது நிக்கும். நமக்கு வேண்டியது அம்புட்டுத்தான்."

"அப்படிப் பேசாதீங்க அண்ணாச்சி. பிள்ளைக படிப்புதான் முக்கியம்" என்றேன்.

"அதையும் சேத்துக்கிடுங்க. வேண்டாம்னா சொல்லுதேன்?" என்றார் அவர்.

அவர் சொன்னதுதான் என் மனதிலும் இருந்தது. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் காலி செய்துவிட்டுப் போன பெஞ்சுகளை அவர்கள் வீட்டுப் பிள்ளைகளை வைத்து நிரப்பப் பார்த்தோம். அந்த வாக்கியத்தை அன்று யாராவது என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் கோபப்பட்டிருப்பேன்.

சேர்க்கலாம் என்று அலுவலரிடம் சொன்னேன். அவர் அதோடு விடவில்லை. "பெற்றோர்கள் கூட்டம் போட்டு, ரெண்டு ஊரும் சம்மதம்னு கையெழுத்து வாங்காம நான் எதுவும் செய்ய மாட்டேன் சார். வைகாசியில வைக்கலாமா? பள்ளி திறக்கறதுக்கு முன்னாடி முடிச்சா நல்லது. அப்போ கோயில் கொடை ஏதாவது வருமா?"

"கொடையெல்லாம் சித்திரையோட முடிஞ்சிரும் மேடம். தாராளமா வைங்க" என்றேன்.

அவர் கேட்டது கொடைத் திருவிழாவைப் பற்றி. நான் அதற்கு மட்டும் பதில் சொன்னேன்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் கரிசல்காட்டில் மாசி மாதத்துக்கு மேல் ஆட்டுக்கு மேய்ச்சல் கிடையாது. ஆடு வைத்திருப்பவர்கள் மந்தையை ஓட்டிக்கொண்டு தெற்கே ஆற்றுப்பாசன வயல்களுக்கு இறங்கிவிடுவார்கள். அங்கே நெல் அறுத்த வயல்களில் பகலில் மேய்த்து, இரவில் வலை கட்டி ஆடுகளை அடைப்பார்கள். ஆட்டுப்புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு உரம். இதைத்தான் கிடை போடுவது என்கிறோம். ஆணும் பெண்ணும் சேர்ந்துதான் போவார்கள். ஆடி பிறந்தால் திரும்புவார்கள். பிறகு எங்கள் புஞ்சைகளில் விதைப்புக்கு முன்னால் கிடை போடுவார்கள். வைகாசியில் அந்த ஊரின் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். இது எங்கள் பக்கத்துச் சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளை மட்டும் ஊரில் விட்டுவிட்டுப் போவார்கள். அந்த ஊர்ப் பள்ளி வீடுகளுக்கு நடுவில் இருந்தது. சமையல்காரம்மா அடுத்த வாசல். காலைச் சாப்பாடும் பள்ளியிலேயே போட ஆரம்பித்த பிறகு, பிள்ளைகளை யாராவது சொந்தக்காரர் வீட்டில் படுக்க விட்டால் போதும். பகல் முழுவதும் பள்ளியே பார்த்துக்கொள்ளும் என்ற தைரியம் அவர்களுக்கு வந்திருந்தது.

அப்படி விடப்பட்ட பிள்ளைகளில் ஒருத்தியைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும். அவளுடைய அப்பாதான் வருஷா வருஷம் என் புஞ்சையில் கிடை போடுகிறவர். என்னிடம் ஒன்றாம் வகுப்புப் படித்தவர், பாதியில் நின்றுவிட்டார். தான் நின்றுபோனதால் மகளை நிற்கவிடக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். அவள் அப்போது மூன்றாம் வகுப்பு முடித்திருந்தாள். அப்பாவின் அக்கா, அதாவது அவளுடைய அத்தை, கணவனை இழந்தவர், தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறவர். அவர் வீட்டில்தான் அவள் இருப்பாள்.

கூட்டத்துக்குச் சில நாள் முன்பு நான் அவளுடைய அப்பாவுக்குப் போன் செய்தேன். கூட்டத்தைப் பற்றிச் சொல்வதற்கு அல்ல.

"என்னப்பா, மேய்ச்சல் எப்படி?"

"இருக்கு சார். வயக்காடெல்லாம் அறுத்துக் கெடக்கு. ஆட்டு வயித்துக்குக் கொறையில்ல."

"ஆடியில மொதக் கிடை என் புஞ்சையிலதான். வேற யாருக்கும் வாக்குக் குடுத்துராத."

"ஒங்களுக்கு இல்லாமயா. பாப்பா அக்கா வீட்டுலதான் இருக்கா சார். பள்ளிக்கூடம் தொறந்தா ஒரு எட்டு பாத்துக்கிடுங்க. கணக்குல சுணங்குதான்னு டீச்சர் சொல்லிச்சு."

"பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

அந்தப் பள்ளியைப் பூட்டுவதைப் பற்றி இன்னும் சில நாளில் பேசப்போகிறோம் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். விடியற்காலை பஸ் பிடித்து வந்திருப்பார். இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பார். வந்தால் சம்மதிக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். வாய் வரை வந்ததை விழுங்கினேன் என்றுகூடச் சொல்ல முடியாது. வாய் வரை அது வரவே இல்லை. அவ்வளவு சுலபமாக அதை ஒதுக்கி வைத்திருந்தேன்.

கூட்டம் எங்கள் ஊர்ப் பள்ளியில் நடந்தது. வெயில் தாங்காமல் எல்லோரும் காற்றாடிக்குக் கீழே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அந்த ஊரிலிருந்து தீப்பெட்டி ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டுச் சில பெண்கள் வந்திருந்தார்கள். கழுகுமலை ஆசிரியை என் பக்கத்தில் வந்து குனிந்து, "சார், ஆட்டுக்காரங்க ஒருத்தரும் வரலியே. அவங்க பிள்ளைகதான் பாதி" என்றார்.

"அவிய எங்கயும் ஓடிப் போயிரல டீச்சர். வந்ததும் சொல்லிக்கிடலாம்" என்றேன்.

அது கடைக்காரர் காதில் விழுந்துவிட்டது. "ஆட்டுக்காரனுக்குப் பள்ளிக்கூடம் எங்கன இருந்தா என்ன? அவன் எங்கன இருக்கான்னு அவன் பொண்டாட்டிக்கே தெரியாது" என்றார். ஆண்கள் சிரித்தார்கள்.

பின்னாலிருந்து அந்த அத்தை எழுந்தார். "பொண்டாட்டியும் கூடத்தான போயிருக்கா அண்ணாச்சி. தெரியாம என்ன?" என்றார். இப்போது பெண்கள் சிரித்தார்கள். அவர் உட்காரவில்லை. அலுவலரைப் பார்த்துக் கேட்டார்.

"மழைக்காலத்துல பிள்ளைக எப்படி மேடம் இங்கன வரும்?"

"ஆட்டோ ஏற்பாடு பண்ணித் தருவோம்மா. அதுக்கு அரசாங்கமே காசு குடுக்குது."

"ஆட்டோ ஓடைக்குள்ள நீந்துமா?"

அலுவலரும் சிரித்துவிட்டார். பிறகு பொறுமையாக விளக்கினார். பேச்சு நீண்டது. ஒன்றாக்கினால் வரும் நன்மைகளை நான் எழுந்து சொன்னேன். நன்றாகவே பேசினேன். கடைசியில் கையெழுத்து வாங்கும் நேரம் வந்தது. அந்த ஊர்ப் பெண்கள் எல்லோரும் அத்தையின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் போட்டால் போடலாம் என்பதுபோல.

"எங்க தம்பி வரட்டும். அவன்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுதேன். பிள்ள அவன் பிள்ளைலா" என்றார் அவர்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன்: "ஒங்க தம்பிட்ட நான் பேசிக்கிடுதேன் தாயி. அவன் என்ட்ட படிச்சவன். நான் சொன்னாக் கேப்பான்."

"நீங்க பேசிருவீங்கள்லா சார்?"

"பேசிருதேன்."

அவர் கையெழுத்துப் போட்டார். பின்னாலேயே மற்றவர்களும் போட்டார்கள்.

நான் பேசவில்லை. அன்று சாயங்காலம் பேசலாம் என்று இருந்தேன். மறுநாள் பேசலாம் என்று இருந்தேன். பிறகு, உத்தரவு வரட்டும், வராமலும் போகலாம், எதற்கு வீணாக என்று நினைத்தேன். உத்தரவு வந்தது. இனி பேசி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் இருந்தது. அந்தப் பள்ளியின் பெஞ்சுகளை டிராக்டரில் ஏற்றி எங்கள் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். இறக்கும்போது நானும் நின்று, எந்த வகுப்பில் எதைப் போடுவது என்று சொன்னேன்.

ஆடியில் மந்தை திரும்பியது. சொன்ன வாக்குப்படி முதல் கிடை என் புஞ்சையில்தான். சாயங்காலம் நான் போனபோது அவர் வலை கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி குட்டிகளைப் பிரித்து அடைத்துக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"பள்ளிக்கூடம் பூட்டிக் கெடக்கு சார்."

"ஆமாம்மா. ரெண்டையும் ஒண்ணாக்கிட்டாங்க."

"நீங்க பேசிக்கிடுதேன்னு சொன்னதாலதான் கையெழுத்துப் போட்டேன்னு எங்க மதினி சொல்லுதாவ. இவிய போன்ல ஒங்கட்ட பேசினாகளாம்லா. ஒரு வார்த்தை சொல்லலியே நீங்க."

"மறந்து போச்சும்மா. வயசாகுதுல்லா" என்றேன்.

அவர் மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவர் கணவர், "விடு. சாருக்கு ஆயிரம் சோலி இருக்கும்" என்றார். வலையின் முடிச்சை இறுக்கிக்கொண்டே, என்னை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார். நான் நன்றி சொல்கிறவனைப்போலத் தலையசைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

பிள்ளை எங்கள் ஊர்ப் பள்ளிக்கு வந்தாள். நாலாம் வகுப்பு. முதலில் ஆட்டோ வந்தது. ஐப்பசி மழையில் ஓடையில் தண்ணீர் வந்ததும் ஆட்டோ நின்றது. தண்ணீர் வற்றிய பிறகும் பாதை காயவில்லை. கரிசல் மண் நனைந்தால் காலை விடாது. ஒவ்வொரு எட்டுக்கும் மண் அப்பி, சின்னப்பிள்ளைகளால் காலைத் தூக்கவே முடியாது. சிலநாள் அவளுடைய அப்பா தோளில் தூக்கிக்கொண்டு வந்து விட்டுப் போனார். கார்த்திகை முடிந்து பாதை காய்ந்தது. ஆட்டோக்காரர் வேறு வாடகைக்குப் போயிருந்தார். பிள்ளைகள் கூட்டமாக நடந்து வந்தார்கள்.

மாசியில் கிடை தெற்கே இறங்கியது. பங்குனியில் ஒருநாள் பள்ளிக்குப் போனேன். அவள் இல்லை. ஆட்டுக்கார வீட்டுப் பிள்ளைகள் பலரும் இல்லை.

தலைமையாசிரியையிடம் கேட்டேன். "அம்மா அப்பாகூட போயிட்டா சார். அத்தைக்கு விடியுமுன்ன பஸ்ஸாம். பிள்ளையைத் தனியா இவ்வளவு தூரம் அனுப்ப அவங்களுக்குப் பயம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பேரு இருக்கு சார். எடுக்கல. எடுத்தா எண்ணிக்கை குறைஞ்சிரும்லா" என்றார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அந்த வாரமே திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினேன். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் போய், ஊர் ஊராக விசாரித்து, அவர்கள் கிடை போட்டிருந்த இடத்தைக் கண்டுபிடித்தேன். எங்கள் காட்டின் வெயிலுக்கு அது வேறு தேசம். வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அறுத்த வயல்களில் ஆடுகள் பரவி நின்றன. பிள்ளை ஒரு குட்டியை மடியில் போட்டு அதன் காலில் தைத்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வணக்கம் சார்" என்றாள். வகுப்பறையில் சொல்வதுபோல இழுத்துச் சொன்னாள். பிறகு குட்டியைத் தூக்கிக்கொண்டு வரப்பு மேல் போய்விட்டாள்.

அவளுடைய அம்மா அடுப்பு மூட்டித் தேயிலை போட்டுத் தந்தார். டம்ளரைக் கையில் வாங்கியதும் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். சொன்னேன்.

"போன ஆடியில மறந்து போச்சுன்னு சொன்னேன். மறக்கலம்மா. தெரிஞ்சுதான் சொல்லாம இருந்தேன். நீங்க வந்தா வேண்டாம்னு சொல்லிருவீங்கன்னு தெரியும்."

கணவர்தான் பேசினார். "அது எங்களுக்குத் தெரியும் சார்" என்றார்.

"எப்படி?"

"கிடை கேக்க மறக்கலியே நீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. விலாசம் கேட்டவருக்கு வழி சொல்வதுபோலச் சொன்னார். எனக்கு டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பிறகு அம்மா கேட்டார். "ஒங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல இவ பேரு இன்னும் இருக்காம்லா?"

"இருக்கும்மா."

"அப்போ ஒங்களுக்கு எங்க பிள்ள பேரு போதும். பிள்ள வேண்டாம்."

"அப்படி இல்லம்மா."

"வேற எப்படி? அங்கன எங்க ஊர்ல பள்ளிக்கூடம் இருக்கையில, ஆட்டப் பத்திட்டு நாங்க எங்க போனாலும் நெஞ்சுல கை வச்சு ஒறங்குவோம். இப்பம் ஒத்தப் பிள்ளைய வேலிக்கருவ மண்டுன ஓடைக்குள்ள நடத்தி விட்டுட்டு, நான் இங்கன கெடந்து என்ன செய்ய? சொல்லுங்க."

"தொறக்க வைக்க முடியுமான்னு பாக்கேன்."

"தொறந்துட்டுச் சொல்லுங்க. அன்னைக்கே கொண்டாந்து விட்டுருதோம். அதுவரைக்கும் எங்கூட நிக்கட்டும்."

ஊருக்கு வந்து, அலுவலரைப் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெகுநேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். "இதை நீங்க அப்பவே சொல்லியிருந்தா கூட்டத்தை ஆடிக்குத் தள்ளி வச்சிருப்பேன் சார். எனக்கு அதுல ஒரு கஷ்டமும் இருந்திருக்காது" என்றார்.

அவர் திட்டியிருக்கலாம். அவ்வளவு எளிதாக முடிந்திருக்கும் என்று அவர் சொன்னதுதான் தாங்கவில்லை. மூடியதைத் திறக்கக் கேட்டு மேலே எழுதலாம், ஆனால் ஒன்றாக்கச் சம்மதித்த இரண்டு ஊரும் திரும்பக் கூடிச் சொன்னால்தான் கேட்பார்கள் என்றார். இல்லாவிட்டால் கிடைக்காரர்கள் வெளியே இருக்கும் மாதங்களுக்காவது ஒரு ஆயாவைப் போட்டுப் பிள்ளைகளைக் கூட்டிவரச் செய்யலாமா என்று பார்க்கிறேன் என்றார். அது இன்னும் பார்க்கப்பட்டுக்கொண்டிருக்கிறது.

அந்த ஊரில் கையெழுத்துக்குப் பஞ்சமில்லை. எங்கள் ஊரில்தான் கிடைக்கவில்லை. கடைக்காரரிடம் முதலில் போனேன்.

"நீங்கதான் முடிச்சுப் போட்டீங்க. இப்பம் நீங்களே அவுக்கச் சொல்லுதீங்க. அந்தப் பிள்ளைக போயிட்டா நம்மது நிக்குமா சார்?"

"நம்ம பிள்ளைகளை வேன்ல ஏத்தாம இங்க சேத்தா நிக்கும் அண்ணாச்சி. ரெண்டும் நிக்கும்."

அவர் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "மொதல்ல ஒங்க பேரனக் கொண்டாந்து சேருங்க. பின்னாலேயே வரிசையா வாரோம்."

கடையில் நின்றவர்களும் சிரித்தார்கள். அவர் கேட்டது நியாயம். அன்று சாப்பிட உட்கார்ந்தபோது மகனிடம் சொன்னேன். பேரனை நம் ஊர்ப் பள்ளியில் சேர்த்தால் என்ன என்று கேட்டேன். மருமகள் குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். மகன் தட்டிலிருந்து கையை எடுக்காமல் சொன்னான்.

"அப்பா, நீங்க இங்க ஹெட்மாஸ்டரா இருந்தப்பவே என்னைக் கோவில்பட்டியிலதான படிக்க வச்சீங்க?"

ஆமாம். அப்படித்தான் செய்தேன். காரணம் இருந்தது, இப்போது அவனுக்கும் இருக்கிறது. அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்க எனக்கு உரிமை இல்லை. அடுத்தவர் வீட்டுப் பிள்ளை எங்கே படிக்க வேண்டும் என்று ஒரு மத்தியானத்தில் முடிவு செய்தவனால் தன் வீட்டுப் பிள்ளையை அசைக்க முடியவில்லை.

பள்ளி திறக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. தீப்பெட்டி ஆபீஸுக்கு விடுமுறையான ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அத்தையைப் பார்க்கப் போனேன். கூட்டத்துக்குப் பிறகு அவர் என்னோடு பேசவே இல்லை. அன்றும் உட்காரச் சொல்லவில்லை. குழாயடியில் குடம் நிறைந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பள்ளிக்கூடம் இந்த வருசமும் தொறக்காது தாயி. எங்க ஊர்ல ஒத்துக்கிட மாட்டேங்காங்க" என்றேன்.

"தெரியும்."

"தம்பிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். தப்பு என் பேர்லதான்னு."

"சொன்னான்." குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார். "அவன்ட்ட சொன்னீங்க. இந்த ஊர்ல யாருக்குத் தெரியும்? நான் கையெழுத்துப் போட்டுப் பள்ளிக்கூடத்த வித்துட்டேன்னு பேசுதாவ. பஸ்ல என் பக்கத்துல உக்காரக்கூட மாட்டேங்காளுக. அவளுகளும் எனக்குப் பின்னாலதான போட்டாளுக?"

இது எனக்குத் தெரியாது. நான் செய்ததன் பாரம் அந்தப் பிள்ளையின் மேல் விழுந்தது மட்டும்தான் தெரியும். மீதியை இவர் ஒரு வருஷமாகச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார்.

ஆடியில் எல்லோரும் திரும்பிய பிறகு போனேன். அவர்களுடைய கோயில் முன்னால் கோயிலுக்கு வீட்டுக்கு வீடு வரி பிரிப்பது பற்றிப் பேசக் கூடியிருந்தார்கள். அனுமதி கேட்டுக்கொண்டு நின்று சொன்னேன். கூட்டத்தை வைகாசியில் வைக்கத் தலையாட்டியது நான், ஆட்கள் இருக்க மாட்டார்கள் என்று தெரிந்தே தலையாட்டினேன், தம்பியிடம் பேசுகிறேன் என்று வாக்குக் கொடுத்து அந்த அம்மாவிடம் கையெழுத்து வாங்கினேன், பேசவில்லை. இவ்வளவுதான் சொன்னேன். அழகாகப் பேச வரவில்லை.

பிறகு பெரியவர் ஒருவர் கேட்டார். "பள்ளிக்கூடம் தொறக்குமா சார்?"

"இப்போதைக்கு இல்லய்யா."

"பொறவு எதுக்கு இம்புட்டுத் தூரம் வந்தீங்க?"

பெண்கள் பக்கத்தில் அத்தை நின்றுகொண்டிருந்தார். "எனக்காக வந்தாவ. சொல்லட்டும்" என்றார். அவருக்குப் பக்கத்தில் இருந்த பெண் கொஞ்சம் நகர்ந்து அவருக்கு உட்கார இடம் விட்டாள்.

பிள்ளை இப்போது திரும்பவும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கு வருகிறாள். ஐந்தாம் வகுப்பு. விட்டுப்போன மாதங்களின் பாடம் எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. வகுத்தல் கணக்கில் மற்றவர்கள் முடித்த பிறகும் உட்கார்ந்திருக்கிறாள் என்று டீச்சர் சொன்னார். நான் வீடு வீடாகப் போய்க் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். சிலர் என்னைக் கண்டால் உள்ளே போய்விடுகிறார்கள். கையெழுத்துப் போட்டவர்கள் குறைவு. மாசியில் கிடை இறங்கும். அதற்குள் ஒன்றும் ஆகாவிட்டால் அவளும் இறங்கிவிடுவாள். பள்ளியில் அவள் பெயர் மட்டும் இருக்கும்.